பதினாறாம் எழுத்து

போர் ஓய்ந்தபின் வாள் துருவேறுகிறது, கோட்டை சரிகிறது, சீருடை மக்கிப்போகிறது. ஆனால் போர்க்களத்தில் செய்தி சுமந்த கருவிகளுக்கு மட்டும் ஏனோ நீண்ட ஆயுள் வாய்த்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர் முதுகிலும், ஒற்றர் கைப்பெட்டியிலும் பயணம் செய்த கம்பியில்லாத் தந்திக் கருவிகள் பல இன்றும் அழியாமல் இருக்கின்றன. அவற்றைத் தேடி வாங்கி, பழுதான வால்வுகளை மாற்றி, மீண்டும் உயிர்ப்பிக்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உள்ளனர். எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும், மின்சாரம் ஊட்டினால் அவற்றுட் சில பேசுகின்றன. இன்னும் வியப்பு, அவை கேட்கவும் செய்கின்றன.

மேற்படிப்பின் பொருட்டு நாம் பெல்ஜியத்தில் தங்கியிருந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறையில் அண்டை நாடான நெதர்லாந்துக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இத்தகைய கருவி ஒன்றைக் கண்டோம். பார்வைக்கு அது வெளியூர் செல்பவர் கையில் தூக்கிச் செல்லும் சாதாரணப் பெட்டிதான். மூடியைத் திறந்தால் உள்ளே செய்தி அனுப்பும் பகுதி ஒருபுறம், வாங்கும் பகுதி ஒருபுறம், மின்சாரம் வழங்கும் பகுதி ஒருபுறம். இடுக்கில் மோர்ஸ் குறி தட்டும் சிறு சாவி, காதொலிப்பான், சுருட்டிய கம்பி. ஜான் பிரவுன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்த அவ்வகைப் பெட்டியின் எடை ஏறத்தாழ 15 கிலோ. வீட்டு மின்னிணைப்பிலும் அது இயங்கும்; இல்லையெனில் காரில் உள்ள 6 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும். அதன் ஆற்றல் சுமார் 20 வாட். நம் வீட்டுக் குண்டு விளக்கின் ஆற்றலிலும் குறைவு. அந்தச் சிறிய ஆற்றலைக் கொண்டு கடல் கடந்து இங்கிலாந்தை எட்டினார்கள்.

அப்பெட்டியைச் சுமந்தவர்களின் வாழ்வு மிகக் கடினமானது. எதிரியின் ஆட்சிக்குட்பட்ட ஊரில், யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுத்த மாடியறையில் அமர்ந்து, பதினைந்து இருபது மீட்டர் நீளக் கம்பியைக் கூரையோரமாய் இழுத்துக் கட்டி, குறித்த நேரத்தில் செய்தியைத் தட்டவேண்டும். அலையின் திசையை அளக்கும் கருவிகள் பொருத்திய ஜெர்மானிய ஊர்திகள் தெருத் தெருவாய்ச் சுற்றும். அரைமணி நேரம் தொடர்ந்து தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். எனவே சுருங்கச் சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும் இடம் மாறவேண்டும். ஆண்களோடு பெண்களும் இப்பணியில் இருந்தனர். இந்தியத் தந்தைக்குப் பிறந்த நூர் இனாயத் கான் பாரிசில் இப்பணியைச் செய்து, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரில் டாஹௌ முகாமில் கொல்லப்பட்டார்.

மோர்ஸ் குறியில் சொல் இல்லை, குரல் இல்லை. குறுகிய ஒலியும் நெடிய ஒலியும் மட்டுமே உண்டு. ஆயினும் அதிலும் மனிதர் தம்மை அறியாமலே தம்மைப் பதித்துவிடுகின்றனர். ஒருவர் நெடிய ஒலியைச் சற்றே இழுப்பார். மற்றொருவர் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே சிறிது தயங்குவார். பழகிய காது இரண்டே வரியில் ஆளை இனங்கண்டுவிடும். இதனை ஆங்கிலேயர் அந்த ஆளின் ‘கை’ என்றே சொல்வர். நம் மக்கள் சமையலில் ‘கைப்பக்குவம்’ என்பார்களே, அது போன்றது. முகம் காணாது, குரல் கேளாது, கையைக் கொண்டு ஒருவரை அறிவது!

கையை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதால் மற்றொரு காவலும் வைத்தார்கள். அதற்குப் பாதுகாப்புக் குறி என்று பெயர். ஒற்றர் ஒருவர் எதிரியிடம் சிக்கி, அவர்கள் வற்புறுத்தலால் செய்தி அனுப்ப நேர்ந்தால், அதனை லண்டனுக்கு எவ்வாறு உணர்த்துவது? இயல்பாகச் செய்தி அனுப்பும்போது, முன்னரே பேசிவைத்த ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்யவேண்டும். பிழை இருந்தால் ஆள் நலம்; பிழை இல்லாவிடில் ஆள் பகைவர் கையில் இருக்கிறார். பிழையே நலத்தின் அடையாளம். பிழையின்மையே ஆபத்தின் அறிகுறி. இப்படி ஓர் ஏற்பாட்டைப் போர்தான் கற்பிக்க முடியும்.

ஹூப் லாவெர்ஸ் என்னும் டச்சு இளைஞர், தம் நண்பர் தைஸ் டாக்கோனிசுடன் 1941 நவம்பரில் நெதர்லாந்துக்குள் இறக்கப்பட்டார். அவர்களை அனுப்பியது, பகைவர் ஆண்ட நாடுகளில் எதிர்ப்பைத் தூண்டுவதற்கென்று 1940இல் லண்டனில் நிறுவப்பட்ட எஸ்.ஓ.இ. என்னும் மறைமுக அமைப்பு. லாவெர்ஸின் பாதுகாப்புக் குறி எளிமையானது: செய்தியின் 16ஆம் எழுத்தில் ஒரு பிழை செய்யவேண்டும். 1942 மார்ச் 6 அன்று தி ஹேக் நகரில், செய்தி அனுப்பச் சென்ற இடத்தில் அவர் பிடிபட்டார். ஜெர்மானிய உளவுப்பிரிவின் மேஜர் கிஸ்கெஸ், தமக்காகச் செய்தி அனுப்புமாறு அவரை வற்புறுத்தினார். குறி என்னவென்றும் வினவினார். லாவெர்ஸ் ஒரு பொய்க் குறியைச் சொல்லி உண்மைக் குறியை மறைத்துக்கொண்டார். பின்னர்ச் செய்தி அனுப்பச் சம்மதித்தார். 16ஆம் எழுத்தைப் பிழையின்றித் தட்டினார். லண்டன் புரிந்துகொள்ளும் என்று உறுதியாக நம்பினார்.

லண்டன் புரிந்துகொள்ளவில்லை. அம்மாத இறுதிக்குள்ளேயே, வேறோர் ஒற்றரை அனுப்புகிறோம், வரவேற்க ஆயத்தமாயிருங்கள் என்று பதில் வந்தது. வான்குடையில் இறங்கியவரை ஜெர்மானியர் வரவேற்றனர். லாவெர்ஸ் மீண்டும் மீண்டும் குறியின்றி அனுப்பினார். செய்தியின் ஓரங்களில் இடப்படும் பொருளற்ற எழுத்துகளுக்கிடையே, ‘பிடிபட்டேன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் காவலர் கண்ணில் மண்ணைத் தூவி நுழைத்துப் பார்த்தார். அதையும் எவரும் கண்டுகொள்ளவில்லை. மேலும் மேலும் ஆள்கள் வந்திறங்கினர். மேலும் மேலும் பெட்டிகள் பிடிபட்டன. ஒரு கட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் ஜெர்மானியர் கையால் லண்டனோடு உரையாடிக்கொண்டிருந்தன. வரலாற்றில் இது ‘இங்கிலாந்து விளையாட்டு’ என்று வழங்கப்படுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பணயமாக இருந்த விளையாட்டு அது.

பிடிபட்டவர்களை அடைத்து வைத்த இடம் ஹாரன் என்னும் சிற்றூர். அங்கே டென் பாஸ் மறைமாவட்டத்தின் பெரிய குருமடம் இருந்தது. படையெடுத்து வந்தவர்கள் அக்கட்டடத்தைக் கைப்பற்றிச் சிறையாக்கியிருந்தனர். குருமட அறை எத்தகையதென்று நமக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சாளரம். நீண்ட தாழ்வாரத்தில் நடப்பவரின் காலடியோசை. மனிதர் மௌனத்தில் அமர்ந்து கேட்கப் பழகட்டும் என்று கட்டப்பட்ட அறைகளில், தாம் அனுப்பிய குறிப்பு எவர் செவியிலும் விழவில்லையே என்று நைந்துபோன மனிதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். விசாரணை செய்தவர்கள் எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருந்ததைக் கண்டு, லண்டனிலேயே துரோகி இருக்கிறான் என்று பலர் எண்ணி மனம் உடைந்தனர்.

அவர்களுள் பீட்டர் டூர்லைன், பென் உபிங்க் என்னும் இருவர் 1943 ஆகஸ்டு இறுதியில் ஓரிரவு அங்கிருந்து தப்பினர். நாடு நாடாக ஒளிந்து நடந்து சுவிட்சர்லாந்து சேர்ந்து, நடந்தவற்றைச் சொல்லி, 1944 தொடக்கத்தில் இங்கிலாந்தை அடைந்தனர். அதற்குள் கிஸ்கெஸ் முந்திக்கொண்டார். அவ்விருவரும் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்துவிட்டனர் என்று, தம் கையிலிருந்த பெட்டி வழியாகவே லண்டனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். விளைவு? நேரில் வந்து நின்று உண்மை சொன்ன மனிதர்கள் பிரிக்ஸ்டன் சிறையில் தள்ளப்பட்டனர். பகைவன் தட்டிய பெட்டி நம்பப்பட்டது.

லண்டனில் அனைவரும் செவிடராயிருந்தனர் என்று சொல்வதும் நேர்மையாகாது. மறைகுறிப் பிரிவில் லியோ மார்க்ஸ் என்னும் இளைஞர் இருந்தார், புத்தகக் கடைக்காரரின் மகன், வயது இருபத்திரண்டு. மற்ற நாடுகளிலிருந்து ஒற்றர்கள் அனுப்பும் செய்திகளில் பிழைகள் மலிந்திருப்பதையும், சில செய்திகளை அவிழ்க்கவே முடியாமல் தம் பிரிவினர் இரவெல்லாம் போராடுவதையும் அவர் கண்டார். அச்சத்திலும் குளிரிலும் பசியிலும் எழுதுகிறவர் கை நடுங்காமல் இருக்குமா? ஆனால் நெதர்லாந்திலிருந்து வரும் செய்திகள் மட்டும் மாசு மறுவற்று வந்தன. இவர்கள் ஏன் பிழையே செய்வதில்லை என்று அவர் மனம் உறுத்திற்று. நிம்மதியாக மேசை முன் அமர்ந்து எழுதுகிறவரே இப்படி எழுத முடியும் என்று ஊகித்தார். மேலதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். அவர்களோ, வானிலைக் கோளாறு, அலைக் கோளாறு, ஆள்களின் மறதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தனர்.

1944 ஏப்ரல் முதல் நாள் கிஸ்கெஸே விளையாட்டை முடித்துவைத்தார். மறைகுறியின்றி வெளிப்படையாக லண்டன் அதிகாரிகளை ஏளனம் செய்து, இனியும் ஆள் அனுப்பினால் முன்போலவே வரவேற்போம் என்னும் பொருள்பட ஒரு செய்தி அனுப்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 6, 7 ஆகிய நாள்களில், பிடிபட்டவருள் பெரும்பாலோர் ஆஸ்திரியாவின் மௌத்தௌசன் முகாமில் கொல்லப்பட்டனர். டாக்கோனிசும் அவர்களுள் ஒருவர். லாவெர்ஸ் வேறு முகாம்களில் துன்புற்று உயிர் பிழைத்தார்.

அதன்பின் பத்தே நாள்களில் அதே நெதர்லாந்தில் மற்றொரு துயரம் நிகழ்ந்தது. 1944 செப்டம்பர் 17 அன்று பிரிட்டனின் முதல் வான்படைப் பிரிவு, ரைன் ஆற்றின் பாலத்தைப் பிடிக்க ஆர்ன்ஹெம் நகருக்கு அருகே இறங்கியது. இறங்கிய இடங்களிலிருந்து பாலம் வரை பத்து கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் எடுத்துச் சென்ற வானொலிப் பெட்டிகளோ குறைந்த ஆற்றல் கொண்டவை. இடையே அடர்ந்த மரங்கள், நெருங்கிய வீடுகள். படைப்பிரிவுகள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பார்த்தன; இரைச்சல் மட்டுமே வந்தது. தளபதி அர்கார்ட் நிலைமை அறிய நேரில் புறப்பட்டுச் சென்று, எதிரிகள் சூழ்ந்துகொள்ள, ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்திருக்க நேர்ந்தது. ஒரு நாளுக்கு மேலாகத் தளபதி இருக்குமிடமே அவர் படைக்குத் தெரியவில்லை. கர்னல் ஃபிராஸ்ட் எழுநூறுக்கு மேற்பட்டவர்களோடு பாலத்தின் ஒரு முனையைப் பிடித்து, உதவி வராமலே நான்கு நாள் போராடினார். பின்னர் ஒரு பெட்டி, தெற்கே பல கிலோமீட்டர் அப்பாலிருந்த பீரங்கிப் படை ஒன்றோடு தற்செயலாய்த் தொடர்புகொண்டது. எஞ்சியவர்கள் இன்னும் சில நாள் தாங்கியதற்கு அந்தத் தொடர்பும் ஒரு காரணம். சுமார் பத்தாயிரம் பேர் சென்ற அப்படையில், 25ஆம் நாள் இரவு ஆற்றைக் கடந்து மீண்டவர் ஏறத்தாழ 2400 பேர்.

இங்கே ஒரு செய்தி நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. படையின் வானொலி செயலிழந்த அந்நாள்களிலும், அப்பகுதியின் டச்சுத் தொலைபேசி வேலை செய்துகொண்டிருந்தது! உள்ளூர் எதிர்ப்பு இயக்கத்தினர் அதனைப் பயன்படுத்தி வந்தனர், உதவவும் முன்வந்தனர். ஆனால் படையினர் அவர்களை முழுமையாக நம்பத் தயங்கினர். முந்தைய ஆண்டுகளில் நடந்த ‘இங்கிலாந்து விளையாட்டு’, டச்சு இயக்கத்தின்மீது பிரிட்டானியர் கொண்டிருந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டதை இதற்கு ஒரு காரணமாக வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுகின்றனர். நம்பவேண்டாத இடத்தில் நம்பினார்கள். அதன் விளைவாக, நம்பவேண்டிய இடத்தில் நம்ப முடியாமற் போயினர். ஒருமுறை கவனமின்றிக் கேட்ட செவி, அடுத்தமுறை கேட்கவே அஞ்சுகிறது. வீடுகளிலும் இதனைக் காண்கிறோம் அன்றோ?

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் பணியாற்றிய ஒரு வறண்ட பங்கில் வாழ்ந்த தாயார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கணவரை இழந்தவர். ஒரே மகன் வளைகுடா நாட்டில் கட்டட வேலை. மாதம் ஒரு கடிதம் வரும். அதை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத் திண்ணைக்கு வருவார். நாம் படித்துக் காட்டுவோம். ஒருமுறை வந்த கடிதம் மிகவும் திருத்தமாக இருந்தது. நலம், வேலை நன்று, சாப்பாடு நன்று, அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன் என எல்லாம் இருந்தன. படித்து முடித்ததும் அந்த அம்மாள், “இன்னொருக்கா வாசிங்க சாமி” என்றார். படித்தோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “செவலையப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சாமி?” என்றார். செவலை என்பது அவர்கள் வீட்டுப் பசு. மகன் கன்றாக வாங்கி வளர்த்தது. ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் அதைப் பற்றி ஒரு வரி கேட்டுவிடுவான். “இந்தக் காயிதத்துல எம் புள்ள இல்ல சாமி. அவனுக்கு என்னமோ ஆயிருக்கு” என்றார்.

அவர் சொல்லுக்கிணங்க, அதே ஊரில் வேலை செய்த நம் பங்கைச் சேர்ந்த வேறோர் இளைஞருக்கு எழுதிக் கேட்டோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மகன் இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். வேலை கொடுத்தவர் கைவிட்டுவிட்டார். தாய் கலங்குவாளே என்று மறைத்திருந்தான். பின்னர்ப் பலரும் கைகொடுக்க, அவன் ஊர் வந்து சேர்ந்தான். நாம் சொற்களைப் படித்தோம். அந்தத் தாய் இல்லாத ஒரு வரியைப் படித்தார். பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்குத் தப்பிய 16ஆம் எழுத்தைப் போன்ற ஒன்று, எழுத்தே அறியாத ஒருவருக்குத் தப்பவில்லை.

இதற்கு என்ன காரணம்? லண்டன் அதிகாரிகள் அறிவிலிகள் அல்லர். ஆனால் அவர்கள் தம் திட்டத்தைக் காதலித்தார்கள். ஒற்றர் வலை விரிவடைகிறது என்னும் நற்செய்தியே அவர்களுக்கு வேண்டியிருந்தது. வந்த ஒவ்வொரு தாளும் அதை உறுதிசெய்வதாகவே அவர்கள் கண்ணுக்குப் பட்டது. தாய் தேடியது செய்தியை அன்று, மகனை. செய்தியைத் தேடுகிறவர் செய்தி கிடைத்ததும் நிறைவடைந்துவிடுவார். ஆளைத் தேடுகிறவருக்கு ஆள் அகப்படும்வரை மனம் ஆறாது.

குருமடத்தில் நாம் பயின்ற ஆண்டுகளில் பேசுவதற்குப் பாடங்கள் இருந்தன; மறையுரை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்றெல்லாம் கற்றோம். கேட்பதற்கென்று தனியே ஒரு பாடவேளை இருந்ததாக நினைவில்லை. வள்ளுவரோ கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் பொதுவான செல்வம் கேள்வி என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது போலும்.

போருக்குப் பின் கருவிகள் பெரிதும் வளர்ந்துவிட்டன. கீழே விழுந்தாலும் உடையாத, புழுதியும் ஈரமும் புகாத கணினிகள் படைகளுக்கென்றே செய்யப்பட்டன. 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்னும் மடிக்கணினியின் கூடு மக்னீசியக் கலவையாலானது. அமெரிக்கப் படையினரும் விண்வெளி ஓடத்தின் வீரர்களும் அதனைப் பயன்படுத்தினர். நொடிக்குப் பன்முறை அலைவரிசை மாறித் தாவும் வானொலிகளும் வந்தன. அனுப்புகிறவர் உரியவர்தாமா என்பதைக் கருவியே சரிபார்த்துவிடுகிறது. இவை நன்மையே. ஆயினும், உரிய கருவியிலிருந்து உரிய மறைகுறியோடு செய்தி வந்திருக்கிறது என்பதைத்தான் கருவி சொல்லும். அனுப்பியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அது சொல்லாது. லாவெர்ஸின் பெட்டி உண்மையான பெட்டி; தட்டியதும் அவருடைய கையே. அவர் கழுத்துக்கு மேல் தொங்கிய கத்தி மட்டும் பெட்டியில் தெரியவில்லை. அதைத் தெரிவிக்கவே அந்த 16ஆம் எழுத்து இருந்தது.

போருக்குப் பிறகு நெதர்லாந்து நாடாளுமன்றக் குழு இந்நிகழ்வை நெடுங்காலம் ஆராய்ந்தது. சிறையில் பலரும் அஞ்சியதுபோல் லண்டனில் துரோகி எவரும் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கவனக்குறைவும் தவறான கணிப்புமே காரணம் என்று அக்குழு முடிவு செய்தது. இம்முடிவு ஆறுதல் தருவதா, அச்சம் தருவதா என்று நம்மால் இன்னும் தெளிய முடியவில்லை. துரோகியைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாம். கவனக்குறைவு எந்த நல்லவருடைய மேசையிலும் வந்து அமர்ந்துகொள்ளும். அந்த மேசைகளில் இருந்தவர்கள் நல்லவர்களே, நாட்டுக்காக உழைத்தவர்களே, மாலையில் வீடு திரும்பித் தம் பிள்ளைகளோடு உணவருந்தியவர்களே.

தி ஹேக் நகரில் மாண்டவர்களின் நினைவாக ஒரு சின்னம் இருக்கிறது. வானத்திலிருந்து வீழும் இக்காரஸ் என்னும் கிரேக்கத் தொன்ம இளைஞனின் உருவம் அது. இரவில் வான்குடை விரித்து இறங்கியவர்களுக்குப் பொருத்தமான உருவமே. அவர்களுள் எவரும் சிறகு பழுதுபட்டு வீழவில்லை. கீழே தமக்காகக் காத்திருப்பவர் யாரென்று, தம்மை அனுப்பியவர்கள் சரியாகக் கேட்டிருப்பார்கள் என்று நம்பியே அவர்கள் குதித்தனர். “நன்றாயிருக்கிறேன்” என்று நம்மிடம் சொல்லிச் செல்லும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ அதே நம்பிக்கையோடுதான் சொல்லிச் செல்கின்றனர். சொல்லப்பட்டதை யாவரும் கேட்கிறோம். விடுபட்டதைக் கேட்க யாரேனும் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.